கை மாறும் கம்பனியும் கை மாறாக் கடமையும்

ஒரு பொருளின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் என்பது என்ன? அது வெறும் எழுத்தா, அன்றி ஒரு வாக்குறுதியா? சிறிய கேள்வி போலத் தோன்றினாலும், இது நம் குடும்பங்களின் அடுப்பங்கரை வரைக்கும் வந்து எட்டிப்பார்க்கும் கேள்வியாகும்.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வாழும் நம்மவரிற் பலர் ஏதேனும் ஒரு கருவியை நம்பியே சீவியம் நடத்துகின்றனர். மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, இறப்பர் பால் வெட்டும் கத்தி, மருந்து தெளிக்கும் தாங்கி என்று இருந்த வரிசையில், இன்று புல்வெட்டும் மெஷினும், மின்சாரத் துளைகருவியும், மரம் அறுக்கும் இயந்திர வாளும் சேர்ந்துவிட்டன. 2015 இல் கிளைபோசேட் என்னும் களைநாசினி தடை செய்யப்பட்டதும், தேயிலை மலைகளில் புல் மண்டியதும் நினைவிருக்கும். 2018 இல் அத்தடை தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. பின்னர் 2021 இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி முற்றாக நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்த அலைக்கழிப்பில், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு உடைமையாளனுக்குப் புல்வெட்டும் மெஷின் ஆடம்பரப் பொருளாக இல்லாமல் அவசியப் பொருளாக மாறிற்று. 2022 இல் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, அந்த மெஷினின் விலையும் அவனது கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று.

இத்தனை பாடுபட்டு வாங்கும் மெஷினைப் பற்றித்தான் ஊர்க் கராஜ்களில் ஒரே முறைப்பாடு கேட்கிறது. “முந்தியது பத்து வருசம் உழைத்தது, இது இரண்டு வருசம் தாங்கவில்லை. பெயர் என்னவோ அதே பெயர்தான்!” என்கிறார்கள். பெயர் அதே பெயராக இருக்க, பொருள் மட்டும் எப்படி மாறிற்று? அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த கை மாறியிருக்கலாம் என்பதே பல இடங்களில் இதற்கு விடையாகும்.

பல பெயர், ஒரு முதலாளி

உலகச் சந்தையில் நடந்திருப்பதைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவில் 1843 இல் தொடங்கிய ஸ்டான்லி நிறுவனமும், 1910 இல் தொடங்கிய பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனமும் 2010 இல் ஒன்றாயின. அந்தக் கூட்டு நிறுவனம் 2017 இல் கிராஃப்ட்ஸ்மன் என்னும் பெயரைச் சியர்ஸ் கம்பனியிடமிருந்து வாங்கியது. 2021 இல் புல்வெட்டும் இயந்திரங்கள் செய்யும் எம்.ரி.டி. கம்பனியையும் முழுமையாகத் தன்னுடையதாக்கிக் கொண்டது. ஹொங்கொங்கில் 1985 இல் தொடங்கிய டெக்ட்ரோனிக் என்ற கம்பனி, 2005 இல் மில்வாக்கி, ஏ.ஈ.ஜி. என்ற பெயர்களிலான மின்கருவித் தொழில்களைச் சுவீடன் நாட்டின் அட்லஸ் கொப்கோ நிறுவனத்திடமிருந்து வாங்கிற்று. கடைத் தட்டிலே பல பெயர்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கணக்குப் புத்தகத்திலோ அவற்றிற் பல ஒரே முதலாளியின் பிள்ளைகள்.

புல்வெட்டும் இயந்திரங்களின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஸ்னாப்பர் என்றொரு கம்பனி இருந்தது. நீண்டகாலம் உழைக்கும் இயந்திரம் என்று பெயர் பெற்றது. 2002 இல் அதை வாங்கிய சிம்பிளிசிற்றி நிறுவனத்தின் தலைவரான ஜிம் வியர் என்பவர், வோல்மார்ட் என்னும் மாபெரும் கடை நிறுவனத்தின் தலைமையகத்துக்கே சென்று, “இனி எங்கள் இயந்திரங்களை உங்கள் கடைகளில் விற்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு வந்தார். வருடா வருடம் விலையைக் குறைக்கும்படி வரும் நெருக்குதலுக்கு இணங்கினால், இயந்திரத்தின் தரத்தில் கைவைக்காமல் தப்ப முடியாது என்பது அவரது கணிப்பு. எத்தனை துணிவான முடிவு! ஆயினும் கம்பனி மீண்டும் கை மாறிற்று. 2004 இல் அந்தச் சிம்பிளிசிற்றியையே பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் வாங்கியது. ஜோர்ஜியாவிலிருந்த தொழிற்சாலையை மூடப்போவதாக 2014 இல் அறிவித்தார்கள். 1908 முதல் இயங்கிவந்த பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டனும் 2020 இல் கடன் தாங்காமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடி, கே.பி.எஸ். என்ற முதலீட்டு நிறுவனத்திடம் ஏறத்தாழ 55 கோடி டொலருக்குக் கை மாறிற்று. ஒரு நல்ல மனிதரின் துணிவு ஒரு கம்பனியைச் சில காலம் காக்கலாம். அவர் போன பின்னும் அது அவ்வாறே இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

தரம் குறைவது எப்படி?

ஒரு கம்பனியை வாங்குவோன் பெரும்பாலும் தன் சொந்தப் பணம் முழுவதையும் போட்டு வாங்குவதில்லை. கடன் எடுத்து வாங்குகிறான். பல வேளைகளில் அந்தக் கடன் வாங்கப்பட்ட கம்பனியின் தலையிலேயே ஏற்றப்படுகிறது. வட்டி கட்ட வேண்டும். நான்கைந்து ஆண்டுகளுக்குள் கம்பனியை இலாபத்தோடு இன்னொருவருக்கு விற்கவும் வேண்டும். விற்பனையைத் திடீரென இரட்டிப்பாக்க யாராலும் முடியாது. செலவைக் குறைப்பதோ இலகு. அதுவும் வெளியே தெரியாத இடத்தில் குறைப்பது மிக இலகு.

துளைகருவியின் உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங்கை எடுத்துவிட்டுச் சாதாரணப் புஷ் ஒன்றைப் போடலாம். உருக்குப் பற்சக்கரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பற்சக்கரம் வைக்கலாம். வெளியிலிருந்து கழற்றி மாற்றக்கூடியதாக இருந்த காபன் பிரஷ்ஷை, முழு மெஷினையும் பிரித்தாலன்றி எட்ட முடியாத இடத்தில் வைக்கலாம். உதிரிப்பாகம் செய்வதை நிறுத்திவிட்டால், பத்து ரூபாச் சாமான் பழுதானாலும் பத்தாயிரம் ரூபா மெஷினை எறிய வேண்டி வரும். வெளி நிறம், வடிவம், பெயர் எல்லாம் முன்போலவே இருக்கும். வாங்குகிறவன் கடையில் நின்று எதைக் கண்டுபிடிப்பான்?

நியாயமாகப் பேசுவதானால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளாஸ்ரிக் எல்லாம் மட்டமானது என்று எண்ணுவது தவறு. மாதம் ஒருமுறை சுவரில் ஆணித்துளை போடும் வீட்டுக்காரருக்குப் புஷ் வைத்த மலிவான கருவியே போதும். தச்சனைப் போலத் தினமும் வேலை செய்பவனுக்குத்தான் அது போதாது. கம்பனி கை மாறுவதால் எப்போதும் கேடுதான் விளையும் என்றும் கொள்ள முடியாது. மில்வாக்கிப் பெயர் ஹொங்கொங் கம்பனியின் கைக்குப் போன பின்னர்தான் லித்தியம் மின்கலக் கருவிகளில் பெரும் முன்னேற்றம் கண்டது. டிவால்ட் என்ற பெயரைப் பிளாக் அன்ட் டெக்கர் 1960 இல் வாங்கிற்று; தொழிலாளர் நம்பி வாங்கும் கருவிகளுக்கென்றே அந்தப் பெயரை 1992 இல் புதிதாகத் தூக்கி நிறுத்தியது. ஆகவே வாங்குவது பாவம், விற்பது துரோகம் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. வாங்கியவன் எந்த மனதோடு வாங்கினான், எத்தனை காலம் வைத்திருக்க எண்ணுகிறான் என்பதே கேள்வி.

பட்டையும் பாலும்

இதை விளங்கிக்கொள்ள நாம் கடல் கடந்து போகத் தேவையில்லை. கேகாலையின் இறப்பர் மலைக்கு ஒரு நடை போனாற் போதும். பால் வெட்டுவோர் நன்கறிவர்: கத்தியைச் சற்று ஆழமாக இழுத்தால் இன்று கூடுதலாகப் பால் கிடைக்கும். ஆனால் பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய உயிர்ப்படை காயப்பட்டால், புதுப்பட்டை ஒழுங்காக வளராது. மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். நன்றாக வெட்டப்பட்ட மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் தரும். நாளைக்கு வெட்டி வீழ்த்தப்போகும் மரத்தில் மாத்திரமே, எஞ்சிய பாலையெல்லாம் எடுப்பதற்காக எங்கும் கத்தி வைப்பார்கள். சில முதலாளிகள் தாம் வாங்கிய கம்பனியை அப்படித்தான் வெட்டுகிறார்கள். ஐம்பது வருடமாக வளர்ந்த நற்பெயரென்னும் பட்டையை ஐந்தே வருடத்தில் சீவி முடித்துவிடுகிறார்கள்.

நமது தோட்டங்களும் கை மாறியவைதாமே. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிக்கு ஐம்பது ஏக்கர் என்ற எல்லை வைத்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் வசமாயின. ஜனவசம என்றும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் இரண்டு பெரிய நிருவாகங்களின் கீழ் அவை வந்தன. அன்னிய முதலாளி போனான், இனி எல்லாம் நன்றாகும் என்று நம்பியவர் பலர். அங்கே கடன் கொடுத்து வாங்கிய முதலாளியும் இல்லை; இலாபத்தோடு விற்க வேண்டிய அவசரமும் இல்லை. இருந்தும் நட்டம் பெருகிற்று. எல்லாருக்கும் சொந்தமானது யாருடைய கவலைக்கும் உரியதாக இல்லாமற் போகலாம் என்ற பாடத்தையும் நாம் அங்கே கற்றோம்.

1992 இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டது. கேகாலை, பலாங்கொடை, காவத்தை, ஹப்புகஸ்தென்ன என்று நமது ஊர்ப் பெயர்களையே அவற்றிற் சில தாங்கி நின்றன. முதலில் முகாமையாளர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஐந்தே ஆண்டு ஒப்பந்தம். ஐந்து வருடத்தில் போகப்போகிறவன் இறப்பர் நடுவானா? கன்று நட்டுப் பால் வெட்ட ஆறேழு வருடம் ஆகுமே! தேயிலைக்கன்று கொழுந்து தருவதற்கும் மூன்று வருடமளவில் வேண்டுமே! இந்தக் குறை உணரப்பட்டதால்தான் 1995 முதல் 51 சதவீதப் பங்குகள் விற்கப்பட்டு, 2045 வரை நீளும் 53 வருடக் குத்தகை வழங்கப்பட்டது. இப்போது அந்த ஆண்டும் நெருங்கிக் கொண்டிருக்கிறது. இன்று நடப்படும் இறப்பர் கன்று தன் ஆயுளை முடிக்குமுன்னே குத்தகை முடிந்துவிடும். அறுவடையில் பங்கில்லாதவன் விதைப்பில் எத்தனை அக்கறை காட்டுவான்?

மெஷினுக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பு இதுவே. பொருளின் ஆயுளைவிட உடைமையாளனின் ஆயுள் குறுகிவிட்டால், அந்தப் பொருளுக்குக் கேடு வருவதற்கு வாசல் திறந்துவிடுகிறது. 1875 இல் அற்றனில் தேயிலை இயந்திரங்களைத் திருத்தும் பட்டறையாகத் தொடங்கிய பிரவுன்ஸ் என்ற பெயர் இன்று ஒரு பெரிய வணிகக் குழுமத்தின் உறுப்பாகி, தோட்டங்களையே வாங்கும் நிலைக்கு வந்துள்ளது. இயந்திரம் செய்பவரும் காணி வைத்திருப்போரும் ஒரே சந்தையில் வாங்கப்பட்டு விற்கப்படுகின்றனர். அந்தச் சந்தையில் கணக்கு எழுதப்படும் காலம் மூன்று மாதம். தேயிலைச் செடிக்கும் மனிதனுக்கும் மூன்று மாதத்தில் கணக்கு முடிவதில்லை.

தவறு எங்கே இருக்கிறது?

நல்லொழுக்க நோக்கில் இங்கே மூன்று காரியங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, மலிவான பொருளை மலிவானது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. ஏழைக்கு அதனால் நன்மையும் உண்டு. முன்பு துரையின் பங்களாவில் மட்டும் இருந்த இயந்திரம் இன்று லயத்துப் பிள்ளையின் கையிலும் இருக்கிறதென்றால், விலை இறங்கியதே அதற்குக் காரணம். பழைய பெயரைக் காட்டி, பழைய விலையைக் கேட்டு, உள்ளே புதிய மட்டத்தை வைப்பதில்தான் தவறு இருக்கிறது. நிறைகல்லில் ஏமாற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொழுந்து நிறுக்கும் தராசில் ஒரு கிலோ கள்ளமாகக் கழிக்கப்பட்டால் நாம் கொதித்தெழுகிறோம். பெயாரிங்கைக் கழற்றிவிட்டுப் பெயரை வைத்திருப்பதும் தராசில் விரல் வைப்பதே.

இரண்டாவது, பெயரை வாங்கியவன் அதனோடு சேர்ந்த கடனையும் வாங்கியிருக்கிறான். தகப்பனின் வளவும் வயலும் வேண்டும், அவர் பட்ட கடன் மட்டும் வேண்டாம் என்று சொல்லும் மகனை ஊர் மதிக்குமா? ஒரு கம்பனியின் நற்பெயரை விலை கொடுத்து வாங்குகிறவன், அந்தப் பெயரை நம்பிக் காசு கொடுக்கும் தச்சனுக்கும், தோட்டக்காரனுக்கும் கடன்பட்டவனாகிறான். தரத்தை மாற்ற அவன் விரும்பினால், பெயரையும் மாற்றட்டும், அல்லது மாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லட்டும். விற்றுவிட்டுப் போகிறவனும் முற்றாகக் கை கழுவிவிட முடியாது. யாருக்கு விற்கிறோம், அவர் என்ன செய்யப்போகிறார் என்று அறிந்தே விற்றிருந்தால், வரும் கேட்டில் அவனுக்கும் பங்குண்டு.

மூன்றாவது, இழப்பு யாரைச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய தோட்டத்தில் ஒரு மெஷின் நின்றால் இன்னொன்று எடுக்கப்படும். நாட்கூலிக்குப் புல் வெட்டுகிறவனின் மெஷின் நடு மலையில் நின்றால் அன்றையச் சம்பளம் போயிற்று. கடன் தவணை நிற்காது. மூடியோ தடுப்போ உடைந்து அலகு தெறித்தால் கண்ணோ காலோ போகலாம். செலவைக் குறைத்தவன் அந்த மலையை ஒருநாளும் காண்பதில்லை.

மனித உழைப்பைப் பற்றி 1981 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட சுற்றுமடலில் நமக்கு உதவும் இரண்டு கருத்துக்கள் உள்ளன. கருவிகளும் இயந்திரங்களுமாகிய முதல் அனைத்தும் மனிதர் தலைமுறை தலைமுறையாகச் செய்த உழைப்பின் கனியே என்பது ஒன்று. தொழிலாளியை நேரில் வேலைக்கு வைக்காமலே அவனது நிலைமையைத் தீர்மானிப்போருக்கும் அவன்பால் கடமை உண்டு என்பது மற்றொன்று. அத்தகையோரை மறைமுக வேலைகொள்வோர் என்று அம்மடல் குறிப்பிடுகிறது. தூர தேசத்தில் அமர்ந்து ஒரு கம்பனியை வாங்கிப் பற்சக்கரத்தின் உலோகத்தைத் தீர்மானிப்பவரை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

நமக்குப் பங்கில்லையா?

முதலாளியைக் குறை சொல்லி முடித்துவிடுவது இலகு. ஆனால் யார் அந்த முதலாளி? தோட்டங்கள் தனியாரிடம் போனபோது கம்பனிப் பங்குகளில் பத்துச் சதவீதம் தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. 1958 இல் ஆரம்பிக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதியும் பங்குச் சந்தையில் முதலீடு செய்திருக்கிறது. ஆக, கொழுந்து பறிக்கும் தாயின் ஓய்வுக்காலச் சேமிப்பும் எங்கோ ஒரு கம்பனியின் இலாபத்தை எதிர்பார்த்து நிற்கிறது! பொறுப்பு இவ்வாறு ஆயிரம் துண்டாகச் சிதறியிருக்கிறது. சிதறியதனால் அது இல்லாமற் போய்விடாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது.

கொள்வனவு செய்யும் நமது கையிலும் ஒரு துண்டு உண்டு. ஜிம் வியர் அஞ்சியது விலைக் குறைப்பையே. விலைக் குறைப்பைக் கேட்டது கடை. கடையிடம் அதைக் கேட்டது வாங்குகிறவன். கடைக்குப் போனால் “எது மலிவு?” என்று முதலிற் கேட்பவர் நாம். “உதிரிப்பாகம் கிடைக்குமா? இதைத் திருத்தலாமா?” என்று கேட்பவர் எத்தனை பேர்? ஆயினும் இங்கே எச்சரிக்கை வேண்டும். கையில் காசில்லாதவன் மலிவானதை வாங்குவது அவனது குற்றமாகாது. தெரிவு செய்ய வசதியுள்ளவனுக்கே தெரிவின் பொறுப்பும் கூடுதலாக உண்டு. தோட்டத்துக்கு மொத்தமாகக் கருவி வாங்கும் உத்தியோகத்தரும், சங்கங்களின் பொருளாளர்களும் இதை மனதிற் கொள்வார்களாக.

என்ன செய்யலாம்?

உலகக் கம்பனிகளின் விற்பனையை நாம் தடுக்க முடியாது. செய்யக்கூடியவை சில உண்டு. மெஷின் வாங்குமுன், அதைத் திருத்தப்போகும் கராஜ்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மெஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்பது விளம்பரக்காரரைவிட அவருக்கே தெரியும். உத்தரவாதப் பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் கவனமாக வைத்திருங்கள். ஏமாற்றப்பட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள். ஐந்தாறு சிறு உடைமையாளர்கள் சேர்ந்து ஒரு நல்ல மெஷினை வாங்கிப் பகிர்ந்துகொள்வது, ஆளுக்கொரு மட்டமான மெஷின் வாங்குவதிலும் மேலானது. அயலவரோடு கணக்கு வைத்துப் பழகுவதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையும் ஒரு முதலீடே.

பிள்ளைகளுக்கும் ஒன்றைக் கற்றுக்கொடுப்போம். கருவியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உரிய இடத்தில் வைப்பது வெறும் சிக்கனப் பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அதைச் செய்த முகமறியாத் தொழிலாளியின் உழைப்புக்கு நாம் செலுத்தும் மரியாதை அது. அந்த மரியாதை நம்மிடம் இருந்தால்தான், அதே மரியாதையைக் கம்பனி வாங்குவோரிடமும் விற்போரிடமும் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.

காணிகள் கை மாறும். கம்பனிகள் கை மாறும். பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டே இருக்கும். பெயரை நம்பி வந்தவனுக்குப் பெயரை வைத்திருப்பவன் கடன்பட்டவன் என்ற நியாயம் மட்டும் எந்த உறுதிப் பத்திரத்தாலும் கை மாறுவதில்லை. அதை வாங்கியவர் மறந்தாலும், பொருளை வாங்கிய நாம் மறவாமல் கேட்டுக்கொண்டே இருப்போம்.